மனேஜர் தலை நிமிரும் இடம்

மகன்,

பாரிஸில் குளிர் எப்படி, சாப்பாடு எப்படி என்று கேட்டு எழுதத் தொடங்கினால் அதிலேயே ஒரு பக்கம் போய்விடும். பிறகு சொல்ல வந்ததைச் சொல்லாமலே மடித்து ஒட்டிவிடுவேன். என் குணம் உனக்குத் தெரியும். ஆகையால் விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை போன் எடுத்தபோது, அங்கே ஒரு வீடியோக் கடைக்காரர் உன் படத்தை வாங்கப்போகிறார், கொப்பி அடித்து லண்டன், சூரிச், டொரன்டோ என்று எங்கள் ஆட்கள் இருக்கிற ஊர்க் கடைகளுக்கெல்லாம் அனுப்பப்போகிறார் என்று சொன்னாய். நான் நல்லது என்றேன். போனை அப்பாவின் கையில் கொடுத்துவிட்டுக் குசினிக்குள் போய், கழுவி வைத்த பாத்திரங்களைத் திரும்பவும் கழுவினேன். அந்தக் கொப்பிகள் அடிக்க முன்னர், உன் படத்தில் வருகிற, கூப்பனுக்குச் சாமான் கொடுக்கிற சங்கக்கடை மனேஜர் உண்மையில் யார் என்று நீ அறிந்திருக்க வேண்டும். அதைச் சொல்ல என்னை விட உரிமையுள்ள ஒருத்தி இங்கே பலெர்மோவிலேயே இருக்கிறாள். அவள் சொல்லமாட்டாள்.

உனக்கு இந்தக் குதிரைப் படப் பைத்தியம் எங்கே பிடித்தது என்று எல்லாரும் கேட்கிறார்கள். சீசாப் பகுதியில் நான் வீட்டுவேலை செய்த சின்யோராவின் வீட்டில்தான். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் உன்னை விட்டுவைக்க எனக்கு வேறு இடம் இல்லை. சின்யோரா நல்ல மனுஷி, கூட்டிக்கொண்டு வா என்றாள். அவளுடைய புருஷன் காலை நீட்டிக்கொண்டு சோபாவில் கிடப்பார், இந்த ஊர்ச் சின்னச் சானல் ஒன்றில் பின்நேரம் முழுக்கப் பழைய அமெரிக்கப் படங்கள் ஓடும். கறுப்பு வெள்ளை, எல்லாரும் இத்தாலியன் கதைப்பார்கள், ஒரு மணித்தியாலத்தில் முடிந்துவிடும். காசில்லாமல் எடுத்த படங்கள் என்று எனக்கே தெரியும். எந்தப் படத்திலும் அதே தெரு, அதே சாராயக் கடை. துரத்துகிற குதிரைகள் அதே பாறையைத் திரும்பத் திரும்பக் கடந்து போவதை நீதான் முதலில் கண்டுபிடித்துச் சொன்னாய். அந்த மனுஷன் இருமல் வரும்வரை சிரித்தார். அந்தப் படங்களில் வருகிற கொள்ளைக்காரர்களின் பெயர்கள் மட்டும் பொய்யில்லையாம். உண்மையில் வாழ்ந்து, ரயிலையும் வங்கியையும் அடித்து, ஆட்களைச் சுட்டு, கடைசியில் தாங்களும் சுடுபட்டுச் செத்தவர்களாம். படத்தில் என்றால் அவர்கள் எல்லாரும் தங்கமான பிள்ளைகள். வங்கிக்காரன் அப்பாவின் காணியைப் பறித்திருப்பான், ரயில் கம்பனிக்காரன் தாயின் வீட்டைக் கொளுத்தியிருப்பான், பாவம், துவக்கை எடுக்காமல் பிள்ளை என்ன செய்வான்? நான் இஸ்திரிக்கை போட்டபடி அரைக் கண்ணால் பார்ப்பேன். பார்க்கப் பார்க்க ஒரு விஷயம் விளங்கியது. ஒரு மணித்தியாலத்துக்குள் ஒரு கெட்டவனை நல்லவனாக்க வேண்டுமென்றால் வேறு வழியில்லை, அவன் சுட்டவனைக் கெட்டவனாக்கிவிட வேண்டும். விளங்கியும் நான் அந்தப் படங்களை விரும்பித்தான் பார்த்தேன்.

அந்த நேரங்களில் சின்யோரா மட்டும் அறையில் இருக்கமாட்டாள், நீ கவனித்தாயோ தெரியாது. படம் தொடங்க எழும்பிக் குசினிக்குப் போய்விடுவாள். ஒருநாள் நானும் அவளும் படுக்கை விரிப்பு மடித்துக்கொண்டு நிற்கும்போது சொன்னாள், யுத்தம் முடிந்த காலத்தில் மலையில் கொள்ளைக்காரன் ஒருவன் இருந்தானாம், அவனுடைய ஆட்கள் றோட்டில் வைத்து அவளுடைய மச்சானைச் சுட்டார்களாம். மச்சான் கராபினியேரிப் பொலிஸ் உடுப்புப் போட்ட பொடியன், கலியாணம் பேசியிருந்ததாம். இப்போது அந்த மலைக்காரனை ஏழைகளின் தோழன் என்று சொல்கிறார்கள், என் மச்சானின் பெயரை அவருடைய தங்கச்சியும் நானும்தான் சொல்கிறோம் என்றாள். கண்ணீர் ஒன்றும் விடவில்லை. மற்ற நுனியைப் பிடி என்று மட்டும் சொன்னாள். எங்களுக்கும் அப்படி ஒருவன் இருந்தான், அவன் என்னுடைய தம்பி என்று நான் அவளுக்குச் சொல்லவில்லை.

உனக்குச் சொன்னேன். அதுதான் பிழை. சீசாவிலிருந்து வீட்டுக்கு வருகிற பஸ்ஸில், நெரிசலில், என் பாவாடையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, எங்கட ஊரில அப்பிடி ஒருத்தரும் இருக்கேல்லையோ?" என்று கேட்டாய். நாரி எலும்பு விட்டுப்போகிற அளவுக்கு வேலை செய்துவிட்டு நின்ற எனக்கு அந்த நேரம் என் தம்பி அருளின் முகம் வந்தது. இருந்தான், உன் மாமா இருந்தான் என்றேன். பசியில் கிடந்த சனத்துக்காகச் சங்கக்கடையை அடித்து மாவும் சீனியும் பிரித்துக் கொடுத்தான் என்றேன். நீ என்னை அண்ணாந்து பார்த்த பார்வை இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. என் தம்பியை அப்படி ஒருத்தரும் அதற்கு முன் பார்த்ததில்லை. பிறகு நீ கேட்கும் போதெல்லாம் சொன்னேன், சொல்லச் சொல்ல அவன் இன்னும் உயரமானான். மாஃபியாக்காரர் நீதவான்களைக் குண்டு வைத்துக் கொன்ற பிறகு இந்த ஊர்ப் பால்கனிகளில் எல்லாம் வெள்ளை விரிப்புத் தொங்கிய கோடையில், துவக்குக்காரர்கள் போதும் என்று ஊரே எழுதித் தொங்கவிட்ட கோடையில், சின்யோராவோடு சேர்ந்து நானும் ஒரு விரிப்புக் கட்டிவிட்டு வந்து, அன்றைக்கும் உனக்கு அருள் மாமாவின் கதை சொன்னேன். இரண்டும் ஒன்றோடொன்று இடிக்கிறதென்று எனக்குத் தோன்றவேயில்லை.

இனி நடந்ததைச் சொல்கிறேன். ஊரில் அப்போது துவக்கு வைத்திருந்த பொடியள் பல கூட்டம். அருள் ஒரு கூட்டத்தில் போய்ச் சேர்ந்தான், பிறகு அவர்களோடு கோபித்துக்கொண்டு வேறு இருவரோடு தனியாகத் திரிந்தான். சங்கக்கடைக்குக் குதிரையில் போகவில்லை, மகன். உன் மாமா வாழ்நாளில் ஏறியது சைக்கிளும், சின்ன வயதில் ஊர்க் கழுதையும்தான். சைக்கிளில் போனார்கள். முகம் தெரியாமல் லேஞ்சி கட்டியிருந்தார்கள். கடைக்குள் மனேஜர் மட்டும் இருந்தார். சூசைதாசன் என்று பெயர். கூப்பனுக்குச் சாமான் வாங்கப் போனால் என் கையில் பிள்ளை இருக்கிறது என்று வரிசையை விட்டு முன்னுக்குக் கூப்பிடுகிற மனுஷன். அந்தப் பிள்ளை நீதான், இது நடந்தபோது உனக்கு நாலு வயது. அருளை அரைக் காற்சட்டையோடு தெரியும் அவருக்கு. அன்று மத்தியானம் அருள் என் வீட்டுக்கு வந்து கிணற்றடியில் நின்று முகத்தை அடித்தடித்துக் கழுவினான். என்னடா என்று கேட்டேன்.

"அக்கா, அவர் என்ரை பேரைச் சொல்லிப்போட்டார். லேஞ்சி கட்டியிருந்தனான், எண்டாலும் பிடிச்சிட்டார். 'அருள், நீயோடா?' எண்டு கேட்டார். அதுக்குப் பிறகு நான் என்ன செய்யிறது?"

இவ்வளவும்தான் அவன் சொன்னது. மனேஜர் யாருக்கும் அரிசி இல்லை என்று சொல்லவில்லை, தராசில் கள்ளம் செய்யவில்லை. பெயரைச் சொன்னார், அதற்காகச் செத்தார். மாவும் சீனியும் பிரித்துக் கொடுத்த கதை, வருகிற வழியில் ஒரு சைக்கிளின் சங்கிலி கழன்று, தூக்க முடியாமல் றோட்டில் போட்டுவிட்டு வந்த மூட்டைகளைச் சனம் அள்ளிக்கொண்டு போன கதை. சில மாதத்தில் இன்னொரு கூட்டத்துப் பொடியள் அருளைக் கூட்டிக்கொண்டு போனார்கள். உடம்பும் வரவில்லை. அவனுக்கு ஒரு கல்லறை கிடையாது, பூசைக்குப் பெயர் கொடுத்தால் செத்த நாள் கேட்பார்கள், அதுவும் தெரியாது.

மனேஜருடைய மனுசி அப்போது வயிற்றில் பிள்ளையோடு இருந்தாள். அவள்தான் ரீற்றா. ஓம், உன் ரீற்றா அன்ரிதான். படம் எடுத்த நாட்களில் உங்கள் எல்லாருக்கும் இடியப்பமும் சொதியும் கட்டித்தந்தவள். பிள்ளையைக் கன்னியர் மடத்து விடுதியில் விட்டுவிட்டு அவள் இங்கே வந்தபோது முதல் வேலை எடுத்துக்கொடுத்தது நான். இங்கே இருக்கிறதுக்கான பெர்மெஸ்ஸோவுக்குக் குவெஸ்தூராப் பொலிஸ் கந்தோரில் வரிசையில் நின்றதும் நான். ஏன் இவ்வளவு செய்கிறாய் என்று அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இத்தனை வருஷமாக ஒரே கோவில், உட்காருவதும் ஒரே வாங்கில். எங்களுக்குள் அந்தக் கதை ஒருநாளும் வந்ததில்லை.

நீ படம் எடுக்கப்போகிறேன் என்றபோது விளையாட்டு என்று நினைத்தேன். கலியாண வீடும் முதல் நன்மைப் பூசையும் எடுத்த கமெராவில் பொடியன் ஏதோ செய்யட்டும் என்றார் அப்பா. வுச்சீரியாச் சந்தையில் தொப்பி வாங்கினீர்கள். ஒரேத்தோ ஆற்றங்கரைத் தொழுவத்தில் உல்லாசப் பயணிகளின் வண்டி இழுக்கிற கிழட்டுக் குதிரையை ஒருநாளுக்குக் கேட்டு வாங்கினீர்கள், அது நடக்குமே தவிர ஓடாது, படத்தில் வேகத்தைக் கூட்டி ஓடவிட்டாய். கள்ளிப்பற்றைக்குள் விழுந்து வந்த உன் கூட்டாளிகளுக்கு முள் எடுத்துவிட்டேன். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஒருநாள், "அம்மா, சங்கக்கடை மனேஜர் எண்டால் எப்பிடி இருப்பார்?" என்று கேட்டாய். நான் யோசிக்காமல் கண்டதைச் சொன்னேன். காதில் பென்சில், பிடரியில் வியர்வைக்கு மடித்துப் போட்ட துவாய், எழுதும்போது உதடு அசையும், ஆள் வந்து நின்றால் வரியை முடித்துவிட்டுத்தான் தலை நிமிர்வார் என்று. நீ அப்படியே செய்தாய். உன் சிநேகிதன் மேசையில் குனிந்து எழுதிக்கொண்டிருக்கிற அந்த இடத்தைக் கண்டபோது எனக்குச் சூசைதாசனே வந்து இருந்த மாதிரி இருந்தது. அதற்குப் பிறகு அவர் தலை நிமிர்ந்து, அரிசி கேட்டு வந்த தாயின் பையைத் தட்டிவிட்டு, பிச்சைக்காரர்களுக்கு இங்கே ஒன்றுமில்லை என்கிறார். மாமா வந்து சுடுகிறார். சனம் கை தட்டுகிறது. உன்னில் குற்றம் இல்லை. நான் உனக்குத் தந்த கதையில் மாமா நல்லவர். அப்படியென்றால் மற்றவர் எப்படி இருக்க முடியும்?

மாதா திருநாள் பூசைக்குப் பிறகு கோவில் மண்டபத்தில் படம் போட்ட நாளுக்கு வருகிறேன். எங்கள் ஆட்களின் கூட்டம் என்றால் முதலில் குத்துவிளக்கு ஏற்ற வேண்டும், அதற்குப் பெரிய மனிசர் யாரையாவது கூப்பிடுவார்கள், சுமங்கலியாகப் பார்த்துக் கூப்பிடுவார்கள். நீ அதை மாற்ற வேண்டும் என்று நினைத்தாய். விதவைகளை எல்லாரும் ஒதுக்குகிறார்கள், நான் ரீற்றா அன்ரியைத்தான் கூப்பிடுவேன் என்று எனக்கு முதலில் சொல்லவில்லை, மேடையில் ஒலிவாங்கியில் சொன்னாய். நல்ல மனதோடுதான் சொன்னாய், அது எனக்குத் தெரியும். மண்டபமே கை தட்டியது. எங்கள் ஊரிலிருந்து வந்த, நடந்தது தெரிந்த நாலைந்து பேர் மட்டும் குனிந்து செருப்பைப் பார்த்தார்கள். ரீற்றா எழும்பினாள், சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு போனாள், மெழுகுதிரியை வாங்கி எல்லாத் திரியும் ஏற்றினாள். முன்வரிசையில் இருந்து கடைசிவரை பார்த்தாள். நான் பின்னால் நின்று அவளுடைய தலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். முன்னால் போய் வீடியோ டெக்கை நிறுத்தவில்லை. நிறுத்தாததற்கு ஒரு காரணம் இருக்கிறது, அதையும் சொல்லத்தான் வேண்டும். உன் படத்தின் முடிவில் அருள் சாகவில்லை. குதிரையில் ஏறி மலைக்குப் போகிறான், திரும்பி ஒருமுறை பார்க்கிறான். அருளாக நடித்த பொடியனுக்கு அவனுடைய முகச்சாடை ஒன்றுமில்லை, என்றாலும் அந்த இடத்தில் நான் அழுதேன். அந்த முடிவு எனக்கு வேண்டியிருந்தது.

நீ பாரிஸ் போன பிறகு வந்த முதல் வியாழன் பின்நேரம், எங்களுக்கெல்லாம் வேலையில்லாத நேரம், ரீற்றா வீட்டுக்கு வந்தாள். தேத்தண்ணி குடித்தாள். பிறகு, படத்தை ஒருக்கால் போடுவீர்களா என்று கேட்டாள். போட்டேன். மனேஜர் எழுதிக்கொண்டிருக்கிறார், உதடு அசைகிறது, பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு தலை நிமிர்கிறார்.

"அதில நிப்பாட்டுங்கோ அக்கா" என்றாள்.

நிறுத்தினேன். படம் நடுங்கிக்கொண்டு நின்றது. இடம்பெயர்ந்து ஓடியபோது வீட்டோடு கலியாணப் படமும் எரிந்துபோய்விட்டது, அவரின் முகம் தனக்கு இப்போது சரியாக வருவதில்லை, மனேஜராக நடித்த இந்தப் பிள்ளை நிமிர்கிற நேரம் மட்டும் அப்படியே வருகிறது என்று சொன்னாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு வியாழனும் வந்தாள். நான் ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் இருப்பேன், ஒரு கணம் பிந்திவிடக்கூடாதே என்று விரல் நோகும். அந்த இடத்துக்கு அப்பால் அவள் ஒருநாளும் போகவில்லை. உன்னைப் பற்றி ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. தம்பி நல்லா எடுத்திருக்கிறான் என்றுதான் சொன்னாள்.

போன மாதம் அவளுடைய மகளுக்கு விசா சரிவந்தது. அந்தப் பிள்ளைக்கு இப்போது பதினைந்து வயது. தகப்பன் முகம் போட்டோவிலும் கண்டதில்லை. ரீற்றா என்னிடம் கசெற்றைக் கேட்டாள். "அவளுக்கு அப்பாவைக் காட்ட வேணும் அக்கா. அந்த இடத்தில நிப்பாட்டிப்போட்டுக் காட்டிறன்" என்றாள். நான் என்ன சொல்ல? தரமாட்டேன் என்றால் ஏன் என்று சொல்ல வேண்டும். ஏன் என்று அவளுக்குத் தெரியும், தெரிந்தும் கேட்கிறாள். எடுத்துக் கொடுத்துவிட்டேன். அந்த இடத்தோடு முடிகிற மாதிரி ஒரு கொப்பி அடித்து அனுப்பு என்று உன்னிடம் கேட்க நினைத்தேன், அதற்குள் பிள்ளை வந்திறங்கிவிட்டாள். ரீற்றா விடியவே வேலைக்குப் போகிறவள். பிள்ளை இத்தாலியன் தெரியாமல், பள்ளிக்கூடமும் தொடங்காமல், ஒரு அறைக்குள் பகல் முழுக்கத் தனியாக இருக்கிறாள். வீட்டில் தமிழில் இருப்பது அந்த ஒரு கசெற்தான்.

நேற்று பூசை முடிந்து வாசலில் நின்றபோது ரீற்றா பூசை வைத்த சுவாமியோடு கதைத்துக்கொண்டு நின்றாள். பிள்ளை என்னிடம் வந்தாள். மெலிந்த பிள்ளை, தகப்பனின் நெற்றி. தாய்க்குக் கேட்காமல் குரலைத் தாழ்த்திக்கொண்டு கதைத்தாள்.

"அன்ரி, நான் மிச்சத்தையும் பார்த்தனான். அப்பா அப்பிடிப்பட்டவர் எண்டு அம்மா எனக்கு ஒருநாளும் சொல்லேல்லை."

நான் அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இல்லை பிள்ளை, உன் அப்பா என்னை வரிசைக்கு முன்னால் கூப்பிட்ட மனுஷன் என்று சொல்ல வாய் வரை வந்தது. சொன்னால் அடுத்ததாக, அப்படியென்றால் அவரை ஏன் சுட்டது என்று கேட்பாள். அவளுடைய அப்பாவை அவளிடம் கொடுப்பதென்றால் நான் என் தம்பியைக் கொடுக்க வேண்டும். உன்னிடமிருந்தும் அவனைத் திருப்பி வாங்க வேண்டும். இந்தக் கடிதத்தில் அதைத்தான் செய்திருக்கிறேன், எழுதும்போது கை கூசுகிறது. கொப்பி அடிப்பதை நிறுத்து என்று எழுத எனக்கு என்ன முகம் இருக்கிறது? அடி என்றும் சொல்லமாட்டேன். நீ வளர்ந்த பிள்ளை, படம் உன்னுடையது. எனக்கு ஒன்றும் ஓடவில்லை.

அந்தப் பிள்ளை கையை விடாமல் இன்னொன்றும் கேட்டாள். அருள் மாமா உங்களுடைய தம்பிதானாமே, அவரைப் பற்றித் தனக்குச் சொல்வீர்களா, படத்தில் தனக்கு அவரைத்தான் நல்லாகப் பிடித்தது என்றாள். வியாழன் தாயோடு வீட்டுக்கு வரட்டுமா என்று கேட்டாள்.

வா என்று சொல்லிவிட்டேன், மகன்.

அம்மா